மஞ்சள் சட்டைக்குப் பின்னால் யாரும் இல்லை

மார்ச் 6

பிரேக்குக்கு,

கடிதமா என்று வாயைப் பிளக்காதே. போனில் பேசினால் நான் கத்துவேன். அக்கா வீட்டில் கத்த முடியாது, அத்தானுக்குப் படபடப்பு வந்துவிடும். அதுவும் போக, போனில் சொன்னதை மறுநாளே “நான் எங்கடா அப்படிச் சொன்னேன்?” என்று மாற்றிவிடுவாய். எனக்கு எழுத்தில் வேண்டும். நாளைக்கு மூன்றாம் மனிதர் படித்தாலும் புரிகிற மாதிரி முதலிலிருந்து எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போகிறவர்கள் நாலு பேர். கணக்கு டீச்சர், பாங்க் கிளார்க் ஒட்டகம், பஸ் டிரைவரான நீ, தையல்கடைக்காரன் நான். நமக்கு இருப்பது ஒரே சட்டம். கடைசியாக வருகிறவர் மஞ்சள் சட்டை போட வேண்டும், முன்னால் போகும் யாரையும் தாண்டி வரக் கூடாது. திரும்பிப் பார்க்கும்போது மஞ்சள் தெரிந்தால் எல்லோரும் வந்தாயிற்று என்று அர்த்தம். கொஞ்ச காலமாக அந்தச் சட்டையை நீயே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறாய்.

பிப்ரவரி 16. ஏரி ரோட்டு இறக்கத்தில் டீச்சரும் ஒட்டகமும் முன்னால் போய்விட்டார்கள். அடுத்து நான், எனக்குப் பின்னால் நீ. வளைவில் ஒரு நாய் குறுக்கே வந்தது. நான் சறுக்கி இடப்பக்கம் ஜல்லியில் விழுந்தேன். போன் எங்கேயோ தெறித்தது. தோள் எலும்பும் இடது காலும் முறிந்ததில் மூச்சுதான் வந்தது, குரல் வரவில்லை. அப்போது நீ வந்தாய். இறக்கத்தில்கூட வழக்கம்போலப் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாய். நான் வலது கையைத் தூக்கினேன். உனக்கும் எனக்கும் நடுவில் ஆறடிகூட இருக்காது. நீ போய்விட்டாய்.

ஏரிக்கரை டீக்கடையில் டீச்சர் உன்னிடம், “அவர் எங்க?” என்று கேட்டாராம். “வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு குறுக்கு ரோட்டுல திரும்பிட்டான்” என்றாயாம். நான் எப்போது சொன்னேன்? பால் வண்டிக்காரர் வந்து தூக்கும்வரை முக்கால் மணி நேரம் அங்கேயே கிடந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு முறை வந்தாய். கட்டிலின் கால்மாட்டில் நின்று, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டுப் போனாய். இன்றோடு பதினெட்டு நாள். கடை பூட்டிக் கிடக்கிறது.

ஒரே ஒரு கேள்வி. என்னைப் பார்த்தாயா, இல்லையா? ஒரு வரியில் எழுது.

— கத்திரி

மார்ச் 13

கத்திரிக்கு,

பார்க்கவில்லை. ஒரு வரி கேட்டாய், கொடுத்துவிட்டேன்.

இருந்தாலும் உனக்கு ஒரு வரி போதாது என்று எனக்குத் தெரியும். பட்டன் ஒன்று கேட்டால் நாலு வைத்துத் தைக்கிற ஆள் நீ. ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது நீ அங்கே இல்லை. முந்தின நாள் சனிக்கிழமை நமக்குள் நடந்ததை மனதில் வைத்துக்கொண்டு நீ கோபத்தில் வீட்டுக்குத் திரும்பியிருப்பாய் என்று நினைத்தேன். அதை டீச்சரிடம் எப்படிச் சொல்வது? அதனால் நீயே சொன்னதாகச் சொல்லிவிட்டேன். அது பொய்தான், ஒத்துக்கொள்கிறேன். உனக்குப் போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. மனசு கேட்கவில்லை. பஞ்சர் பெட்டி விழுந்துவிட்டது என்று அவர்களிடம் சொல்லிவிட்டு நான் மட்டும் அதே ரோட்டில் திரும்பி வந்து தேடினேன். நீ இல்லை. அதற்குள் பால் வண்டி உன்னைக் கொண்டுபோயிருக்கும்.

இதுதான் நடந்தது. வேறு ஒன்றும் இல்லை, போட்டுக் குழப்பாதே.

உன் சைக்கிளை எடுத்து வந்து என் வீட்டில் வைத்திருக்கிறேன், முன் சக்கரத்தை நிமிர்த்தியாயிற்று. சனிக்கிழமை டீச்சர் வீட்டுக் கூடத்தில் வழக்கம்போலப் படம் போட்டார்கள். துப்பறியும் படம். பாதியிலேயே கொலைகாரன் யார் என்று சொல்லி எல்லோர் உயிரையும் வாங்க நீ இல்லாததால் முதல் முறையாக ஒரு படத்தைக் கடைசிவரை நிம்மதியாகப் பார்த்தோம். உன் நாற்காலியில் ஒட்டகம் காலை நீட்டிக்கொண்டது. உன் தங்கச்சி, அதான் என் வீட்டுக்காரி, தினமும் உன்னை விசாரிக்கிறாள்.

காலை ஆட்டாமல் வை.

— பிரேக்கு

மார்ச் 18

பிரேக்குக்கு,

மாட்டிக்கொண்டாய்.

முதல் கடிதத்தில் ஒரு விஷயத்தை வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டேன். நீயாகச் சொல்கிறாயா, மறைக்கிறாயா என்று பார்க்க நினைத்தேன். நீ திரும்பி வந்தது எனக்குத் தெரியும். வந்தபோது நான் அங்கேதான் கிடந்தேன்! பால் வண்டி அதற்கும் பிறகு இருபது நிமிடம் கழித்துத்தான் வந்தது. வெயில் ஏறியதால் உடம்பை இழுத்துக்கொண்டு போய் மரத்தடி நிழலில் சாய்ந்திருந்தேன். நீ ரோட்டின் அந்தப் பக்கம் மெதுவாக ஏறி வந்தாய். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாய். ரெண்டு தடவை மணி அடித்தாய். எனக்கு அப்போதும் குரல் எழவில்லை, கையை ஆட்டினேன். நீ போய்விட்டாய். செத்துவிட்டேனா என்று பார்த்துவிட்டுப் போகிறான் பாவி என்றுதான் அப்போது நினைத்தேன்.

இப்போது சொல், ‘தேடினேன், இல்லை’ என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

காரணமும் எனக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை படத்தின் இடைவேளையில் நீ பழரசக் குடத்தைத் தட்டிவிட்டாய், அது அப்படியே டீச்சர் மடியில் கொட்டியது. நான், “கண்ணு பொடனியிலயா இருக்கு?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு மீதிப் படத்தைப் பார்க்காமலே போய்விட்டாய். மறுநாள் காலையில் நான் ஜல்லியில் கிடக்கிறேன், நீ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தாண்டிப் போகிறாய்.

அது மட்டுமா? படுத்தே கிடப்பதால் எல்லாம் ஞாபகம் வருகிறது. பத்து வருடமாகப் படம் பார்க்கும்போது என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவன், போன வருடம் திடீரென்று பின்சுவர் ஓரம் தனியாகப் போனாய். ஒட்டகத்தின் பிறந்தநாளன்று பக்கத்தில் நின்று கை நீட்டினேன், நீ கண்டுகொள்ளவே இல்லை. நீட்டிய கையை வைத்து நான் தலையைச் சொறிந்துகொண்டேன். என் கடை வாசலில் நின்று கை காட்டினால் முன்பெல்லாம் ஹாரன் அடிப்பாய், இப்போது மகாராஜா மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு பஸ்ஸை ஓட்டிப் போகிறாய். நான் உனக்கு என்ன கெடுதல் செய்தேன்? ஒரு வருடமாக என் மேல் எதையோ வைத்துக்கொண்டிருக்கிறாய். அது என்ன என்று சொல்லித் தொலை. எனக்கு வலிப்பது தோளும் காலும் மட்டும் இல்லை.

— கத்திரி

மார்ச் 24

ஐயா,

போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டிய ஆள் துணி வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

உனக்காகத் திரும்பி வந்தேன் என்று நானேதான் எழுதினேன். அதையும் குற்றப் பட்டியலில் சேர்த்துவிட்டாய். பொறி வைத்து என்னைப் பிடித்தாயாம், நான் என்ன எலியா? நீ நிழலில் கிடந்தாய், நான் வெயிலில் வந்தேன், தெரியவில்லை. அவ்வளவுதான். கை நீட்டியதைக் கவனிக்கவில்லை. பஸ் ஓட்டும்போது ரோட்டைப் பார்ப்பேனா, கடை வாசலில் நிற்கிற உன் அழகைப் பார்ப்பேனா? பின்னால் உட்காருவது அங்கிருந்து படம் முழுசாகத் தெரிகிறது என்பதற்காக. இதிலெல்லாம் என்ன சதி?

இருபத்திரண்டு வருடமாக என்னைத் தெரியும் உனக்கு. உன் கல்யாணத்துக்கு, ரெண்டு பேர் மிதிக்கிற ஜோடிச் சைக்கிளில் உன்னை வைத்து மிதித்தவன் நான். ரோட்டில் விழுந்த உன்னைப் பார்த்துவிட்டு விட்டுப் போகிறவன் என்று என்னை நினைக்கிறாயே, அது எனக்கு வலிக்காதா? பழரசம் கொட்டிய அன்று நீ எல்லோர் முன்னாலும் கேட்டது வலித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனிமேல் எனக்கு எழுதாதே. சைக்கிளை ஒட்டகம் வீட்டில் விட்டுவிடுகிறேன்.

ஏப்ரல் 2

பிரேக்குக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி.

உன் கடிதத்தை ஒரு வாரமாகப் படிக்கிறேன். “காதல் கடுதாசியாடா அது?” என்று அத்தான் கேட்டுவிட்டார். எல்லா வரிக்கும் மனதுக்குள் பதில் சொல்லிவிட்டேன். ஒரு வரி மட்டும் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது. ‘பின்னால் உட்கார்ந்தால் படம் முழுசாகத் தெரிகிறது.’ டீச்சர் வீட்டுக் கூடம் பன்னிரண்டு அடி. திரை ஒரு பாய் அகலம். அது பக்கத்தில் இருந்து பார்த்தால் முழுசாகத் தெரியாதா?

நேற்று அத்தானின் பழைய காலண்டரைக் கிழித்து ரெண்டு குழல் சுருட்டினேன். கண்ணில் வைத்துக்கொண்டு பார்த்தேன். நேரே இருக்கிற கடிகாரம் நன்றாகத் தெரிந்தது, முள்கூடத் தெரிந்தது. அதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அக்கா பக்கவாட்டில் வந்து டீயை நீட்டியது தெரியாமல் கையை வீசி அவள் சேலையெல்லாம் கொட்டிவிட்டேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? “ஏன்டா, கண்ணு பொடனியிலயா இருக்கு?” குழலைக் கீழே வைத்துவிட்டு உன் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் பிரித்தேன்.

டிசம்பரில் உன் யூனிபார்ம் பேண்ட்டுக்கு அளவு எடுத்தேன். ரெண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே கன்றிப்போன தடங்கள், பழையதும் புதியதுமாக. கேட்டதற்கு, “ஸ்டூலில் இடிச்சுக்கிட்டேன்” என்றாய். ஒரு ஸ்டூல் ஒருவனை எத்தனை தடவை இடிக்கும்?

ஓரத்தில் உனக்குப் பார்வை இல்லை. அதுதானே?

நீ என்னைப் பார்த்துவிட்டுத்தான் போனாய் என்று நாற்பத்தைந்து நாளாகச் சாபம் விட்டேன். அதுவே உண்மையாக இருந்திருக்கலாம். ஒருத்தனுக்குத் துரோகம் செய்தவன் என்றால் அந்த ஒருத்தனோடு போயிற்று. காலை எட்டரை டிரிப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கட்டு வரை நிற்பார்கள். இறங்கியதும் வண்டிக்கு முன்னாலேயே குறுக்கே ஓடுவார்கள். ஐயோ, அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் நினைப்பது தப்பு என்று எழுது. காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன், கட்டுப் பிரித்த பிறகு.

— கத்திரி

ஏப்ரல் 9

கத்திரிக்கு,

தப்பு இல்லை.

பதினோரு மாதம் ஆகிறது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஓரத்து நரம்பெல்லாம் செத்துவிட்டது என்றார் டாக்டர். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று சொட்டு மருந்து கொடுத்தார். வண்டி ஓட்டக் கூடாது என்றார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். மளிகைக் கடை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டிப்போவில் வருடா வருடம் கண் பார்ப்பார்கள். எழுத்துப் பலகையை நேராகப் பார்த்துப் படிக்கச் சொல்வார்கள். கடைசி வரிவரை கடகடவென்று படித்துவிடுவேன். நேராக இருப்பது எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். ஓரத்தை யாரும் கேட்பதில்லை.

மஞ்சள் சட்டையை ஏன் கேட்டு வாங்கினேன் என்று இப்போது புரிந்திருக்கும். கடைசியில் வந்தால் பக்கத்தில் யாரும் ஓட்ட மாட்டார்கள். யாரையும் இடிக்க மாட்டேன், நான் தடுமாறுவதையும் யாரும் பார்க்க மாட்டார்கள். யாரும் தொலைந்துபோகாமல் பார்க்க வேண்டிய வேலையை, நாலு பேரில் பார்க்க முடியாத நான் எடுத்துக்கொண்டேன். நீ கையைத் தூக்கினேன் என்று எழுதியதைப் படித்த நாளிலிருந்து நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. திரும்பி வந்தபோது கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பாய். கூப்பிட்டால் உன்னைத் தொலைத்துவிட்டேன் என்று என் வாயாலேயே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதற்குப் பயந்துதான் மணி அடித்தேன். ரோட்டில் ஒரு ஈ காக்கா இல்லை, அப்போதும் யாருக்குப் பயந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

பஸ் வேறு. பெரிய கண்ணாடி ரெண்டு இருக்கிறது. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் எடுக்கிறேன். இந்தப் பதினோரு மாதத்தில் ஒரு கீறல் இல்லை. எனக்கு இது ஒன்றுதான் தெரியும், வேறு ஒரு வேலையும் தெரியாது. ஸ்டியரிங்கை விட்டால் நான் யார்? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. டிசம்பர் வரை விடு. அதற்குள் நானே ஏதாவது சொல்லி விலகிக்கொள்கிறேன். உன்னைக் கெஞ்சுகிறேன்.

எழுத்தில் கேட்டாய், எழுத்தில் கொடுத்துவிட்டேன். என் குடுமி உன் கையில்.

— பிரேக்கு

ஏப்ரல் 15

பிரேக்கு,

உன் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். நகல் எடுக்கவில்லை. நீ நம்ப மாட்டாய், உன் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

ரெண்டு கண்ணாடி இருக்கிறது என்கிறாய். அன்றைக்கு ரோட்டோரத்தில்தான் கிடந்தேன், கையை ஆட்டினேன், நீயும் தேடிக்கொண்டுதான் வந்தாய். தேடி வந்தவனுக்கே நான் தெரியவில்லை. தேடாதபோது குறுக்கே வருகிற பிள்ளை எப்படித் தெரியும்? கீறல் இல்லை என்று பெருமை பேசாதே. கீறல் எனக்கு விழுந்தது, அதை நீ கணக்கில் சேர்க்கவில்லை.

ஸ்டியரிங்கை விட்டால் யார் என்று கேட்டாயே, கேட்கிற கேள்வியா அது? என் கல்யாணத்துக்கு ஜோடிச் சைக்கிள் மிதித்தவன்தான். படம் பார்க்கும்போது அழுதுவிட்டு, கண்ணில் தூசி என்று பத்து வருடமாகச் சொல்கிறவன்தான்.

டிசம்பர் வரை முடியாது. டிசம்பர் வந்தால் மார்ச் என்பாய், எனக்கு உன்னைத் தெரியும். டிப்போ மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். உனக்கு இது வியாழக்கிழமை கிடைக்கும். அது சனிக்கிழமை போய்ச் சேருகிற மாதிரி வியாழனன்று போடச் சொல்லி அத்தான் கையில் கொடுத்திருக்கிறேன். நடுவில் இருக்கிற நாள் உன்னுடையது. நீ முன்னால் போ.

என்னை வெறுத்தாலும் பரவாயில்லை. நான் அழுதுகொண்டேதான் எழுதுகிறேன், இதையும் எழுத்தில் வைத்துக்கொள்.

— கத்திரி

ஏப்ரல் 21

கத்திரிக்கு,

வியாழக்கிழமை காலை டூட்டிக்குக் கிளம்பும்போது உன் கடிதம் வந்தது. வாசலில் நின்று படித்தேன். உன்னைத் திட்டிய திட்டுக்கு உனக்கு அங்கே புரையேறியிருக்கும். கிழித்துப் போட்டுவிட்டு, அன்றைக்கும் வண்டியை எடுத்தேன். உண்மையை எழுதுகிறேன். எட்டரை டிரிப்பும் போனேன்.

வெள்ளிக்கிழமையும் எடுத்திருப்பேன். மறுநாள் உன் கடிதம் வந்துவிடும், பிறர் சொல்லிப் பிடிபட்டவன் ஆகிவிடுவேன் என்ற பயம்தான் அன்று காலை என்னை மேனேஜர் அறைக்குள் தள்ளியது. மேஜைக்கு முன்னால் நின்று பதினோரு மாதத்தையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. சாவியை வாங்கி இழுப்பறையில் வைத்தார். “இத்தனை மாசமா?” என்று மட்டும் கேட்டார். அப்படிக் கேட்டதற்கு அவர் என்னைத் திட்டியே இருக்கலாம். என்னை என்ன செய்வது என்று மேலே எழுதிக் கேட்டிருக்கிறார். பஸ் வந்து போகிற நேரம் குறிக்கிற இடத்தில் உட்கார வைப்பார்களோ, வீட்டுக்கே அனுப்புவார்களோ, தெரியாது.

வீட்டில் சொன்னேன். உன் தங்கச்சி ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “எனக்கு முன்னாடி அண்ணனுக்குச் சொல்லியிருக்கீங்க” என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசினாள். பிறகு கண்ணில் சொட்டு மருந்து விடுவது இனி அவள் வேலை என்று பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை காகிதங்களில் கையெழுத்துப் போட டிப்போவுக்குப் போயிருந்தேன். தபால் வந்தது. மேனேஜர் என் கண் முன்னாலேயே உன் உறையைப் பிரித்தார். எனக்கு இருக்கிற குறையையெல்லாம் நம்பர் போட்டு எழுதியிருப்பாய், உன் புத்தி எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். அவர் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

‘உங்கள் டிரைவர் உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வருவார். வரவில்லை என்றால் நீங்களே கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். நல்ல மனிதர்.’

அவ்வளவுதான். கண் என்ற சொல்லே இல்லை. ‘வரவில்லை என்றால்’ என்ற இடத்தில் மட்டும் அடிக்கோடு போட்டிருந்தாய். இருபத்திரண்டு வருடம் பழகியும் கடைசிவரை என்னை நம்பவில்லையே படுபாவி என்று அந்த அறையிலேயே அழுதேன். மேனேஜர் தண்ணீர் கொடுத்தார். அவர் நேரே நீட்டியதால் வாங்கிக்கொண்டேன்.

இன்று காலை எட்டரைக்கு என் பஸ்ஸை வேறொருவர் ஓட்டிப் போனார். நான் நிறுத்தத்தில் நின்று பார்த்தேன். பிள்ளைகள் இறங்கி, வண்டிக்கு முன்னாலேயே குறுக்கே ஓடினார்கள். எத்தனை பேர் என்று தலையைத் திருப்பித் திருப்பி எண்ணிப் பார்த்தேன். என்னால் எண்ண முடியவில்லை.

நீ என்னை நம்பியிருந்தால், இந்நேரம் நான்தான் ஓட்டிக்கொண்டிருப்பேன்.

— பிரேக்கு